விளக்குமாற்றுக் குச்சியில் கோழி

என் மகளுக்குக் கோதுமை ஆகாது. இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் ஓய்ந்ததுதான் மிச்சம். ஒருவரும் நம்பவில்லை.

அப்போது அவளுக்குப் பத்து வயது. பார்க்கிறவர்கள் ஆறு என்பார்கள். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் முன்னால் நிற்கும். தின்றது உடம்பில் ஒட்டாது, அப்படியே போய்விடும். கீரமங்கலத்தில் பார்க்கிற வைத்தியமெல்லாம் பார்த்தோம். பூச்சி மருந்து கொடுத்தோம். வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தோம். மந்திரித்துக் கயிறு கட்டினோம். கயிறு கையில் நிற்காமல் நழுவி விழுந்தது. அவ்வளவு மெலிவு.

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலம் அது. ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துக் கோதுமையை அளந்தார்கள். அதைத் திருகையில் உடைத்துக் கஞ்சி வைத்தோம், களி கிண்டினோம், அடை தட்டினோம். ருசி பிடிக்காவிட்டாலும் மற்றவர்களுக்கு வயிறு நிறைந்தது. அவளுக்கு மட்டும் நாளுக்கு நாள் மோசமானது. கடைசியில் திருச்சிக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டர் அதிகம் பேசுகிறவர் இல்லை. வயிற்றை அமுக்கினார். நாக்கைப் பார்த்தார். என்னவெல்லாம் சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சொன்னேன்.

"இவளுக்குக் கோதுமை சேராதும்மா. மைதா, ரவை, சேமியா, ரொட்டி, பன் எல்லாம் கோதுமைதான். ஒரு துணுக்குகூட உள்ள போகக் கூடாது. அரிசி கொடு, கேழ்வரகு கொடு, கடலை கொடு. கறி, முட்டை முடிஞ்சவரைக்கும் கொடு. ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வா. எடை ஏறலேன்னா இங்கேயே சேர்த்துடணும்."

ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்றாலே எனக்குப் பயம். எங்கள் தெருவிலிருந்து அப்படிச் சேர்த்த பிள்ளைகள் இரண்டு. இரண்டும் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் அப்போது பெரியவர்கள் நாலு பேர். நான். லாரியில் போய் வாரத்துக்கு ஒரு நாள் தலைகாட்டும் என் வீட்டுக்காரர். அவருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓர்ப்படி. புருஷன் போய், பிள்ளையும் இல்லாதவள். வீட்டுச் சாமான் எல்லாம் அவள் கையில். நாலாவது என் கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி. மலாயாவில் பல வருஷம் இருந்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்திறங்கியவர்.

ஓர்ப்படி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கோதும ஒத்துக்காதாமா? வடக்க அம்புட்டுச் சனமும் அதத்தான திங்குது. அதுகள்லாம் செத்தா போச்சு?"

"அதுக திங்கட்டும்க்கா. இவளுக்கு வேணாம்."

"ஒனக்கு டாக்டரு சொன்னா வேதம். நான் சொன்னா வீம்பு."

பிறகு பார்க்க வருகிறவர்கள் தொல்லை. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போனால் பன் வாங்கிக்கொண்டு போவார்கள். சோறு செரிக்காது, பன்தான் லேசு என்பது சட்டம். அதை மீறி யாரும் வந்ததில்லை. திருச்சிக்குப் போய் வந்த செய்தி பரவியதும் தாளில் சுற்றிய பன்னோடு ஆள் ஆளாக வந்தார்கள். நான் வாங்கி மாடத்தில் வைப்பேன். போனதும் எடுத்து மாட்டுக்குப் போடுவேன். ஒருத்தி என்னிடம் கொடுக்காமல் நேரே பிள்ளையிடம் போனாள். பன்னைப் பிய்த்துப் பாலில் நனைத்து அவள் வாயருகே கொண்டுபோனாள். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"ஏத்தா, நான் என்ன வெசமா கொடுக்கறேன்?"

ஆமாம் என்று நுனி நாக்கு வரை வந்தது. அவள் கோபித்துக்கொண்டு போனவள், என் மகள் கல்யாணத்துக்குத்தான் மறுபடி வந்தாள்.

இவ்வளவு காவல் காத்தும் பலன் இல்லை, ஏனென்றால் பிள்ளை எதையும் தின்னவில்லை. கேழ்வரகுக் கூழைத் துப்பினாள். முட்டை நாறுகிறது என்றாள். குழம்பில் போட்ட கறியை மென்று மென்று கன்னத்தில் ஒதுக்கி வைப்பாள். அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். திருச்சிக்குப் போக வேண்டிய நாள் மட்டும் நெருங்கி வந்தது.

கொழுந்தனுக்கு வேலை ஒன்றும் இல்லை. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மலாயாக் கதை சொல்வார். அங்கே முதலில் சோயாச் சாறு செய்கிற ஒரு சீனன் கடையில் வேலை பார்த்தாராம். பிறகு ஒரு மலாய்க்காரரின் சத்தே கடையில் சேர்ந்தாராம். சத்தே என்றால் கோழியைச் சின்னத் துண்டாக்கி, மசாலாவில் ஊறவைத்து, குச்சியில் கோத்து, கரி நெருப்பில் சுடுவது. வறுத்த கடலையை உடைத்துக் காய்ச்சிய சாற்றில் தொட்டுத் தின்ன வேண்டும். "எங்க மலாயாவுல" என்று தொடங்கினார் என்றால் அவருக்கு நேரம் போவது தெரியாது. ஒரு நாள் பிள்ளை கேட்டாள்.

"சித்தப்பா, அது எனக்கு வேணும்."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாயால் கேட்ட முதல் தீனி. நான் அடுப்படியில் இருந்தேன். கேட்டதும் வெளியே வந்தேன்.

"தம்பி, செஞ்சு குடுங்க."

"அதுக்கென்ன மதினி, அசத்திப்புடறேன். சாமான் மட்டும் குடுங்க."

அந்தச் சாமானில்தான் வினை தொடங்கியது. செரே வேண்டும் என்றார். அது ஒரு வாசனைப் புல்லாம். இங்கே இல்லை. நார்த்தை இலையைக் கிள்ளிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தார். மூங்கில் குச்சி வேண்டும் என்றார். அதுவும் இல்லை. நான் கோழியை அறுத்து உரித்துக்கொண்டிருந்தேன். இவர் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்த்தால், புது விளக்குமாற்றைப் பிரித்து ஈர்க்கு ஈர்க்காக உருவிக்கொண்டிருக்கிறார். ஓர்ப்படி கொல்லையிலிருந்து ஓடி வந்தாள்.

"அடப் பாவி! வெளக்குமாத்துக் குச்சியிலயா கறி கோக்கப் போற?"

"புதுசுதான அண்ணி. இன்னும் ஒரு பெருக்குப் பெருக்கல."

"புதுசுன்னாலும் அது வெளக்குமாறுதானடா. வீட்ட விட்டு லெச்சுமி இங்கிட்டு நிக்காம அங்கிட்டுப் போயிரும்."

"தென்னங்கீத்துல இருக்கயில சுத்தமான ஈர்க்கு, சேத்துக் கட்டினா அசிங்கமா? எங்க மலாயாவுல..."

"ஒங்க மலாயாவக் கொண்டு அடுப்புல வை."

அவர் ஈர்க்கைத் தண்ணீரில் ஊறப் போட்டார். ஊறாவிட்டால் கறி வேகும் முன் குச்சி எரிந்துவிடுமாம். சரி என்று விட்டேன்.

அடுத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு புட்டியை எடுத்தார். உள்ளே கறுப்பாக ஒரு சாறு. சோயாச் சாறு என்றார். இது இல்லாமல் நிறமே வராது என்றார். கோழி மேல் கவிழ்க்கப் போனவரை நிறுத்தினேன்.

"இதுல என்ன இருக்கு?"

"சோயாப் பயறு, உப்பு. ஊறப் போட்டு எடுக்குறது."

"வேற?"

"வேற என்ன மதினி..."

"சீனன் கடையில நீங்கதான இருந்தீங்க. செய்யறதப் பாத்திருப்பீங்கள்ல?"

புட்டியை ஆட்டிப் பார்த்தார். "பயறோட கோதுமைய வறுத்து உடச்சுச் சேப்பாங்க. கொஞ்சம்தான்."

புட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மூடி பெட்டியில் வைத்தேன். அவர் முகம் சுண்டிப்போனது. கடல் தாண்டி உடையாமல் கொண்டுவந்தது. பாவமாக இருந்தது. ஆனால் அதற்கு நான் என்ன செய்ய? அதற்குப் பதில் கருப்பட்டியும் புளியும் உப்பும் கரைத்துக் கொடுத்தேன். நக்கிப் பார்த்தார்.

"நெறம் வருது. ருசி வேற."

"வேறயா இருக்கட்டும்."

கடலை எங்கள் கொல்லையில் விளைந்தது. வறுத்துத் தோல் புடைத்து வைத்தேன். அம்மியில் அரைக்கலாம் என்றேன். கூடாது என்றார். அம்மியில் வைத்தால் வெண்ணெயாகிவிடும், பல்லில் நற நறவென்று பட வேண்டும், திருகைதான் சரி என்றார். ஓர்ப்படிக்கு அதுவும் பிடிக்கவில்லை. கடலை எண்ணெய் இறங்கிக் கல் வழுக்கும் என்று கத்தினாள். அவர் கேட்கவில்லை. உட்கார்ந்து உடைத்துவிட்டார். நான் கோழியைத் துண்டு போடும் வேலையில் இருந்தேன்.

மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு அரைத்துத் தாளித்து, உடைத்த கடலையைப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டினார். செங்கல்லை இரண்டு வரிசையாக அடுக்கி நடுவில் கரி போட்டார். தென்னை மட்டையின் நுனியைத் தட்டி நாராக்கி, அதைக்கொண்டு தேங்காய்ப்பாலைத் தொட்டுக் கறி மேல் தடவினார். புகை வீடு முழுக்க அடைத்தது. தெரு நாய்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. முதல் வரிசைக் குச்சிகள் எரிந்து கறி நெருப்பில் விழுந்தது. இன்னும் ஊறியிருக்க வேண்டும் என்றார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. என் முட்டைக்கோழி அது.

இரண்டாவது வரிசை தேறியது. பிள்ளை ஒரு குச்சி எடுத்தாள். தொட்டாள். தின்றாள். இன்னொன்று எடுத்தாள். பிறகு குச்சியை விட்டுவிட்டுக் கடலைச் சாற்றை விரலால் வழித்து நக்கினாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொழுந்தன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அவளுக்கு வயிறு போனது. அன்று முழுக்கப் போனது. அதற்கடுத்த நாளும் எழுந்திருக்கவில்லை. தின்றது எல்லாம் போய், முன்பு இருந்ததும் போய், கண் உள்ளே இறங்கிவிட்டது.

வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

"கடல பித்தம். நோயாளிப் பிள்ளைக்கு யாராச்சும் கடலையக் கொட்டுவாளா?" என்றாள் ஓர்ப்படி. "வெளக்குமாத்துக் குச்சி வேற. நான் அப்பவே சொன்னேன்."

"சோயாச் சாறு விட்டிருந்தா செரிச்சிருக்கும்" என்றார் கொழுந்தன்.

லாரியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றாமலே சொன்னார்: "பேசாம நாளைக்கே திருச்சியில கொண்டு போயிச் சேத்துருவோம். நீ வச்சிருந்து சாகடிக்காத."

அவர் ஒரு நாள்தான் இருப்பார். அந்த ஒரு நாளில் இதைச் சொல்லிவிட்டுப் போவார். டாக்டர் சொன்ன தவணைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். அவர் போய்ப் படுத்தார்.

நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். கோழி, மஞ்சள், மல்லி, சோம்பு, வெங்காயம், கருப்பட்டி, புளி, கடலை, தேங்காய். இதில் கோதுமை எங்கே? பன் கொண்டு வந்தவர்கள் யாரும் அன்றைக்கு வரவில்லை. அப்படியென்றால் டாக்டர் சொன்னது பொய்யா? அவர் சொன்னது பொய் என்றால் எனக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

வயிறு நின்றதும் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கலாம் என்று நினைத்தேன். கேழ்வரகை முறத்தில் எடுத்துக்கொண்டு திருகை முன் உட்கார்ந்தேன். கைப்பழக்கம், தானியம் போடுமுன் கல்லை ஒரு சுற்றுச் சுற்றினேன். சுற்றிலும் மாவு விழுந்தது. நான் இன்னும் ஒன்றும் போடவில்லை.

விழுந்த மாவைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளை. அதில் பழுப்புத் தவிடு. மேல்கல்லைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன். நடு முளையைச் சுற்றி அரைபட்டும் படாமலும் கோதுமை.

"அக்கா, இங்க வாங்க."

வந்தாள்.

"திருகைக்குள்ள இது என்ன?"

"என்னவா? ஒரு கை கோதும. பின்ன வெறுங்கல்லா வைக்கச் சொல்றியா? வெறுங்கல்லு வீட்டுக்கு ஆகாது. நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து திருகைய வெறுமையா விட்டதில்ல."

அது எனக்கும் தெரியும். வேலை முடிந்ததும் ஒரு கை தானியத்தைக் குழியில் போட்டு விடுவாள். முன்பெல்லாம் வரகு போடுவாள், இல்லாவிட்டால் அரிசிக் குருணை. எந்த வீட்டிலும் வழக்கம்தான், அதை யார் கவனிக்கப் போகிறார்கள். வரகும் குருணையும் கிடைக்காமல், இருக்கிற கோதுமையைப் போட்டு வைத்திருக்கிறாள்.

"தம்பி கடல உடச்சாரே. அன்னிக்கும் இருந்துச்சா?"

அவள் முந்தானையால் கல்லைத் துடைக்கப் போனாள்.

"அக்கா, இருந்துச்சா?"

"என்னிக்கும்தான் இருக்கும்" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

கொழுந்தன் அங்கேதான் நின்றார். "நான் குழியில ஏதோ கெடந்ததப் பாத்தேன் மதினி. கடலையோட சேந்து போயிரும்னு விட்டுட்டேன்."

எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டுவது என்று தெரியவில்லை. ஊர்ச் சனத்தின் பன்னை எல்லாம் தடுத்தேன். மலாயாப் புட்டியைத் தடுத்தேன். வீட்டுக்குள் இருந்த கல் தின்னக் கொடுத்திருக்கிறது. கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? ஓர்ப்படி வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று போட்டாள். கேழ்வரகை எடுத்துக்கொண்டு போய் அம்மியில் வைத்து நுணுக்கினேன். கைத் தோல் உரிந்தது.

அன்று ஓர்ப்படி சோற்றைத் தொடவில்லை. மறுநாள் அம்மி கொத்துகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போனார். அவள் ஓடிப்போய்க் கூப்பிட்டாள். திருகையின் இரண்டு கல்லையும் வெளியே போட்டுக் கொத்தச் சொன்னாள்.

"போன பங்குனிலதான ஆத்தா கொத்தினேன். பல்லு அப்படியே இருக்கே."

"இருந்தா இருக்கட்டும். ஆழமாக் கொத்துங்க. பழசு ஒரு பொட்டு நிக்கக் கூடாது."

கொத்தி முடித்ததும் உப்புத் தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். வெயிலில் காயவைத்தாள். உமியை அரைத்துக் கொட்டினாள். திரும்பவும் கழுவினாள். இருந்த கோதுமை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் வைத்தாள். பிறகு எங்கேயோ போய் ஒரு மடி வரகு வாங்கி வந்தாள். அதில் ஒரு கை எடுத்துக் குழியில் போட்டாள். என்னைப் பார்த்தாள்.

"இது ஆகுமா?"

"ஆகும்க்கா."

அன்று சாயங்காலம் அவளே ஒரு கோழியைப் பிடித்துக் கொண்டுவந்து கொழுந்தன் முன் போட்டாள். அவளுடைய கோழி. அடைக்கு வைக்கலாம் என்று யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தது.

"செய்யி. இந்தத் தடவ குச்சிய எரிச்ச, ஒன் கைய எரிப்பேன்."

"ஈர்க்குக்கு எங்க போறது? வெளக்குமாத்தத் தொட்டா லெச்சுமி..."

"எடுத்துத் தொலடா."

இந்த முறை கடலையை நான் உடைத்தேன். கோழி கொஞ்சம் முற்றல். பிள்ளை இழுத்து இழுத்துத் தின்றாள். சாற்றை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கினாள். மறுநாள் விடிந்ததும் கொல்லைப் பக்கம் போனாள். நாங்கள் மூன்று பேரும் கொல்லை வாசலில் நின்றோம். திரும்பி வந்தவள் எங்களைப் பார்த்து முறைத்தாள்.

"என்ன, எல்லாரும் நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல ஆத்தா" என்றாள் ஓர்ப்படி. "நல்லாப் போச்சா?"

"ஐய, பெரியாத்தா!"

நல்லாத்தான் போயிருந்தது.

அதற்குப் பிறகு கோழி இருந்தால் கோழி, இல்லாவிட்டால் முட்டை, அதுவும் இல்லாவிட்டால் கடலைச் சாறு மட்டும் சோற்றில். கொழுந்தன் சத்தே சுடுகிறார் என்று தெருவே வந்து மூக்கை நீட்டும். ஒருவர் கடலைச் சாற்றைத் தொட்டுக்கொள்ளப் பன் எடுத்து வந்தார். ஓர்ப்படி அவரை வாசற்படி ஏறவிடவில்லை. "அங்கிட்டு நின்னு தின்னுட்டு, வாயக் கழுவிட்டு வாங்க" என்றாள். நான் சொல்லி ஓய்ந்ததை எல்லாம் அவள் சொல்லத் தொடங்கினாள். என்னைவிடச் சத்தமாகவும் சொன்னாள். அவள் சொன்னால் கேட்டார்கள். அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

தவணை வந்தது. திருச்சிக்குப் போனோம். தராசில் ஏற்றினார்கள். முள் ஆடியது. நான் முள்ளைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தேன். அவர் பழைய சீட்டைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மறுபடி ஏறி நிற்கச் சொன்னார்.

"ஏறியிருக்கும்மா. கொஞ்சம்தான். ஆனா ஏறியிருக்கு."

"சேக்கணுமா?"

"வேணாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. இதே மாதிரி பாத்துக்க. என்ன கொடுத்தே?"

"கோழி."

"குழம்பு வச்சா?"

"இல்லீங்க. சுட்டு. குச்சியில கோத்து."

"என்ன குச்சி?"

"வெளக்குமாத்துக் குச்சி."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். விளக்க எனக்குத் தெம்பில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் கீரனூரில் நின்றது. பன் விற்கிறவர் தட்டைத் தூக்கி ஜன்னலருகே நீட்டினார். "பாப்பா மெலிஞ்சு கெடக்கே, வாங்கிக் குடுங்கம்மா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை ஜன்னல் தட்டியை இழுத்து விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். ஓர்ப்படி முற்றத்தில் ஒரு பச்சைத் தென்னங்கீற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓலையைக் கிழித்து ஈர்க்கை உருவி, பக்கத்துச் சட்டித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. பிள்ளையும் கூட வந்திருக்கிறாளா என்று என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஏறியிருக்காம்க்கா. சேக்க வேணாம்னுட்டாரு."

தலையை ஆட்டினாள். மறுபடி ஈர்க்கை உருவினாள்.

"நின்னுக்கிட்டு என்ன பாக்குற? போயிக் கடலைய வறு. குச்சி ஊறிருச்சு."